நின்றுபோன டிரெஸாஜ் குதிரையை மீண்டும் பயிற்சிக்குக் கொண்டுவருதல்

டிரெஸாஜ் என்பது சவாரி செய்பவரின் நுட்பமான குறிப்புகளுக்கேற்ப அளந்த அசைவுகளைக் குதிரை செய்துகாட்டும் கலை. காயத்தாலோ கவனிப்பின்மையாலோ பல மாதங்கள் லாயத்தில் நின்றுவிட்ட டிரெஸாஜ் குதிரையின் உடல் தளர்ந்துபோகிறது. அது கற்ற பாடமோ பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. மீட்புப் பயிற்சியின் சிக்கல் இந்த இடைவெளியில்தான் உள்ளது. காலால் லேசாகத் தொட்டதும் குதிரை பழைய நினைவில் பக்கவாட்டில் நகர முன்வரும். கழுத்தை வளைத்தும் காட்டும். அதைக் கண்டு மகிழ்ந்து சவாரி செய்பவர் மேலும் கேட்டால், தாங்குவதற்குத் தசை இல்லாத உடலில் அந்த அசைவின் பாரம் தசைநாண்களிலும் மூட்டுகளிலும் முதுகிலும் போய் விழும். ஆகவே முதல் சில மாதங்களுக்கு, குதிரை தானாகத் தருவதைக்கூட வாங்கிக்கொள்ளாமல் இருப்பதே சவாரி செய்பவரின் முதன்மையான வேலை.

தொடங்குமுன் கால்நடை மருத்துவரின் பரிசோதனை தேவை. புதுச்சேரியில் இருப்பவர்களுக்குக் குரும்பாப்பேட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி அருகில் இருக்கிறது. நுட்பமான ஸ்கேன் தேவைப்பட்டால் சென்னை வேப்பேரிக் கல்லூரிக்கும் போகலாம். நொண்டல், குளம்பு, முதுகு ஆகியவற்றோடு பற்களையும் பார்க்கச் சொல்ல வேண்டும். கடிவாளத்தை எதிர்க்கும் முரட்டுக் குதிரை என்று பெயரெடுத்த பலவற்றுக்குக் கடைவாய்ப் பல்லின் கூரிய விளிம்பு கன்னத்தைக் குத்துவதுதான் குறையாக இருக்கும். தசைநாண் கிழிந்து ஓய்வில் இருந்த குதிரைக்கு இங்கே சொல்லப்படும் கால அளவுகள் பொருந்தா; அதன் ஒவ்வொரு கட்டத்தையும் ஸ்கேன் பார்த்து மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

உடலின் எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் தேறுவதில்லை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே முன்னேற்றம் காட்டும். தசை வளர மூன்று நான்கு மாதங்கள் ஆகும். தசைநாண், மூட்டு நார், எலும்பு ஆகியவை உறுதிப்பட அதனினும் நீண்ட காலம் வேண்டும். மூச்சிரைக்காமல் ஓடுகிறதே என்று ஆறாவது வாரத்தில் வேலையைக் கூட்டுகிறவர்கள் மூச்சை மட்டும் பார்க்கிறார்கள். கால்களின் நிலை அப்போது அவர்களுக்குத் தெரியாது. நேரம், வேகம், கடினம் ஆகிய மூன்றில் ஒரு வாரத்தில் ஏதேனும் ஒன்றை மட்டும் கூட்டுவது பாதுகாப்பான வழி.

முதல் கட்டம் நடை மட்டுமே. பதினைந்து இருபது நிமிடங்களில் தொடங்கி, நான்கு முதல் ஆறு வாரங்களில் நாற்பத்தைந்து நிமிடம் வரை உயர்த்தலாம். தொடக்கத்தில் கையில் பிடித்து நடத்துவது நல்லது. நடை சோம்பலாக இருக்கக் கூடாது. பின்னங்கால் குளம்பு, முன்னங்கால் பதிந்த தடத்தை எட்டும் அளவுக்கு நீண்டு விழ வேண்டும். தலையைத் தாழ்த்தி முன்னோக்கி நீட்ட விட்டால், கழுத்தின் மேற்புற நார் இழுபட்டு முதுகு மேலெழும். குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. அதன் நெஞ்சுக்கூடு முன்னங்கால்களுக்கு இடையே, தூளியில் கிடக்கும் குழந்தைபோல, தசைகளால் மட்டுமே தாங்கப்பட்டுத் தொங்குகிறது. நின்றுபோன குதிரையின் முன்பகுதி பள்ளத்தில் இறங்கியதுபோல் தெரிவதற்கு அந்தத் தசைகளின் தளர்ச்சியே காரணம். கழுத்தைக் கடிவாளத்தால் உயர்த்திக் கட்டினால் அது சரியாகிவிடாது.

நம் பகுதியின் நிலம் பெரும்பாலும் சமதளம் என்பதால், பின்னங்கால்களை வலுப்படுத்தும் ஏற்றத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. ஆரோவில் மேட்டின் செம்மண் சரிவுகளும் பாகூர்ப் பக்கத்து ஏரிக்கரைகளும் இதற்கு ஏற்றவை. ஏற்றத்தில் மெதுவாக ஏறுவதும், அதைவிட மெதுவாக இறங்குவதும் நல்ல பயிற்சி. இறங்கும்போது உடலைத் தாங்கிப் பிடிக்கும் வேலை பின்னாளில் மிகவும் உதவும். கடற்கரை எல்லாருக்கும் ஆசைதான். ஆனால் தேவனாம்பட்டினத்திலோ வேறெங்கோ உள்ள ஆழமான உலர்மணல், பழகாத தசைநாண்களுக்கு ஆபத்தானது. அலை நனைத்து இறுகிய ஓரத்தில் நடை மட்டும் போகலாம். அங்கும் நிலம் கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரே திசையில் நெடுநேரம் போகாமல் திரும்பி வர வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழைக்காலத்தில் ஏரிக்கரை வழுக்கும், குளம்பின் அடி ஊறி அழுகும். அந்த மாதங்களில் திட்டம் பின்தங்குவதை ஏற்றுக்கொள்வதே அறிவுடைமை.

வெயிலைவிட இங்கே புழுக்கம் கொடியது. வியர்வை உலராவிட்டால் உடல் குளிர்வதில்லை. சில குதிரைகள் இத்தகைய கடலோரக் காற்றில் வியர்ப்பதையே நிறுத்திவிடும். வேலைக்குப் பின் தோல் உலர்ந்து, மூச்சு மட்டும் வேகமாக இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கோடையில் காலை ஏழு மணிக்குள் வேலையை முடித்துவிடலாம். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும் நாடித்துடிப்பு, லேசான வேலை முடிந்த பத்துப் பதினைந்து நிமிடத்தில் 60க்குக் கீழே இறங்காவிட்டால், அன்றைய வேலை அதிகம் என்று பொருள். சூடான குதிரையின் மேல் தண்ணீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்ற அச்சம் இன்னும் லாயங்களில் நிலவுகிறது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டிய ஆய்வுகளிலேயே அது தவறென்று தெரிந்துவிட்டது. உடல் முழுவதும் நிறையத் தண்ணீர் ஊற்றி நடக்க விடலாம். வியர்வையில் போகும் உப்பைத் தீவனத்தில் சேர்க்க மறக்கக் கூடாது.

தீவனத்தில் எச்சரிக்கை ஒன்று சொல்ல வேண்டும். தவிடும் நேப்பியர் புல்லுமே உணவாக இருக்கும் குதிரைக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறையும். தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, அந்தப் புல்லில் உள்ள ஆக்சலேட்டோ கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. எலும்பு வலுவிழந்த குதிரையை எத்தனை பொறுமையாகப் பயிற்றுவித்தாலும் பயனில்லை. குதிரைமசால் இதற்கு நல்ல மாற்று. கொள்ளை ஊறவைத்து வேலைக்கேற்ற அளவில் கொடுக்கலாம். நார்த்தீவனம் மட்டும் நாளொன்றுக்கு உடல் எடையில் ஒன்றரை விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது.

நடை உறுதியான பின் டிராட் (மூலைவிட்டக் கால்கள் சோடியாக எழும் துள்ளோட்டம்) வேலையை ஒரு நிமிடத் துண்டுகளாகத் தொடங்கி, இடையிடையே நடைக்கு இறக்க வேண்டும். சவாரி செய்பவர் சேணத்தில் அமர்ந்தே இராமல், எழுந்து அமர்ந்து முதுகைக் காக்க வேண்டும். இருபது மீட்டர் வட்டமே போதும். லஞ்ச் கயிற்றில், அதாவது தரையில் நிற்பவர் பிடித்திருக்கும் நீண்ட கயிற்றில், சிறு வட்டங்களாகச் சுற்றவிடுவது மூட்டுகளைத் தேய்க்கும் வேலை. அடுத்தது தரையில் கிடத்திய கம்புகள். நடைக்கு 80 முதல் 90 சென்டிமீட்டர், டிராட்டுக்கு 1.2 முதல் 1.4 மீட்டர் இடைவெளி வைத்து, குதிரையின் அடிக்கேற்பத் திருத்திக்கொள்ளலாம். இங்கே எளிதில் கிடைக்கும் சவுக்குக் கம்புகள் போதும். உருண்டையானவை என்பதால் இரு பக்கமும் மணல் மூட்டை வைத்து நிறுத்தாவிட்டால், குளம்பு பட்டு உருண்டு குதிரையை விழத்தட்டிவிடும். கேன்டர் என்னும் மிதமான பாய்ச்சல் இதற்கெல்லாம் பிறகுதான். முதுகுத் தசை வளர வளர உடலின் வடிவம் மாறுவதால், இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது சேணத்தின் பொருத்தத்தைச் சரிபார்க்க வேண்டும்.

ஜெர்மானியப் பயிற்சி முறை தாளம், தளர்வு, கடிவாளத் தொடர்பு, உந்துவிசை, உடலின் நேர்த்தன்மை, கலெக்‌ஷன் என்று ஆறு படிகளை வரிசைப்படுத்துகிறது. முதல் மூன்றும் தேறியபின் லெக் யீல்டிங் (காலின் அழுத்தத்துக்கு விலகி முன்னும் பக்கமுமாக நகர்தல்), அதன் பிறகு ஷோல்டர் இன் (தோள்களை உள்பக்கம் கொண்டுவந்து வளைந்து நடத்தல்) என்று போகலாம். எந்தப் பக்கம் வளைய மறுக்கிறதோ அந்தப் பக்கம் குறுகிய நேரம், அடிக்கடி. வலுவான பக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. காதைப் பின்னுக்குச் சாய்ப்பது, வாலை வீசுவது, தாளம் தடுமாறுவது ஆகியவற்றை அடம் என்று முடிவு கட்டுமுன் வலியா, களைப்பா என்று பார்க்க வேண்டும்.

கலெக்‌ஷனில் பின்னங்கால்கள் உடலுக்கடியில் வந்து பாரம் ஏற்று, முன்பகுதி இலேசாகிறது. நல்ல தசை கூடிய குதிரையிடமும் முதல்முறை நான்கைந்து அடிகள் மட்டும் கேட்டு, கிடைத்ததும் கடிவாளத்தை நீள விட்டு நடக்க விட வேண்டும். மறுநாள் காலை லாயத்திலிருந்து வெளியே நடத்தி வரும் முதல் பத்தடியைக் கவனியுங்கள். பின்னங்கால் விறைப்பாகவோ அடி குறுகலாகவோ தெரிந்தால், அந்த வாரம் முழுவதும் கம்புகளும் ஏரிக்கரை நடையும் மட்டுமே போதும்.