நர்சிங் ஆய்வுக்குக் கல்லூரியும் மருத்துவமனையும் சேர்வது எப்படி? வார்டிலிருந்து தொடங்குங்கள்

நர்சிங் கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் இடையே பெரும்பாலும் ஏற்கெனவே ஓர் ஒப்பந்தம் இருக்கும், மாணவிகள் வார்டில் பயிற்சி பெறும் கிளினிக்கல் போஸ்டிங்குக்காகப் போட்டது. அதில் ஆராய்ச்சியைப் பற்றிப் பேச்சே இருக்காது. அதனால்தான் எம்.எஸ்சி. மாணவி வருகிறார், அனுமதி வாங்கிப் படிவங்களை நிரப்பிக்கொள்கிறார், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கிறார், வார்டில் எதுவுமே மாறுவதில்லை.

டீனை அப்புறம் பார்க்கலாம். முதலில் வார்டு இன்சார்ஜிடம் போய் உட்கார்ந்து, தினமும் எது அவர்களைப் பாடாய்ப் படுத்துகிறது என்று கேளுங்கள். ஐ.வி. கேனுலா போட்ட இடம் சிவந்து வீங்குவது, படுக்கைப்புண், ஷிப்ட் மாறும்போது விட்டுப்போகும் தகவல் என்று கேள்விகள் அங்கேயே கிடக்கின்றன.

அடுத்தது நேரம், எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். நைட் டூட்டி முடித்தவரை நிறுத்திவைத்துப் படிவம் நிரப்பச் சொல்வது அநியாயம். ஆய்வில் சேரும் ஸ்டாஃப் நர்ஸுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம், அப்போது வார்டைப் பார்த்துக்கொள்வது யார், இரண்டையும் ஆய்வுக்கான ஒப்பந்தத்தில் எழுதுங்கள். எழுத மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

வேலூர் சி.எம்.சி.யில் நர்சிங் கல்லூரி ஆசிரியர்களே மருத்துவமனைப் பொறுப்பும் பார்க்கும் முறை பல காலமாக இருக்கிறது. எல்லா இடத்திலும் அது முடியாது, சரி, ஒரு பேராசிரியரை வாரம் ஒரு நாள் வார்டுக்கு அனுப்பலாமே.

ஆய்வுக்கு ஒப்புதல் தரும் எத்திக்ஸ் கமிட்டி (நெறிமுறைக் குழு) கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் தனித்தனியாக இருந்தால் யாருடைய ஒப்புதல் வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள், மாதக்கணக்கில் இழுக்கும். புதிய பராமரிப்பு முறையை நோயாளிகளிடம் சோதிப்பதாக இருந்தால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிய வேண்டும். கட்டணமில்லை, ஆனால் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தாக வேண்டும், 2018 ஏப்ரலிலிருந்து பிந்திய பதிவுகளை அவர்கள் ஏற்பதில்லை.

கட்டுரையில் யார் பெயர் வரும் என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். தகவல் திரட்டியதற்காக மட்டும் ஆசிரியராகப் பெயர் போட முடியாது என்பதுதான் மருத்துவ இதழ்கள் பின்பற்றும் விதி. வார்டு நர்ஸின் பெயர் வர வேண்டுமென்றால் கேள்வியை வகுப்பதிலிருந்து எழுதித் திருத்துவது வரை அவரைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு கிடைத்ததும் இதழுக்கு அனுப்புவதோடு நிறுத்தாமல், தமிழில் ஒரு பக்கமாக எழுதி நர்சிங் ஸ்டேஷனில் ஒட்டுங்கள், ஷிப்ட் மாறும் நேரத்தில் பத்து நிமிடம் பேசுங்கள், வார்டு நடைமுறையில் எதை மாற்றலாம் என்று நர்சிங் சூப்பரிண்டெண்டன்டிடம் எழுத்தில் கொடுங்கள்.