வால் ஆடினால் தடவலாமா? நாய், பூனை வாலைப் படிக்கும் முறை

ஏற்காடு ஏரிப் பக்கம் கடை வாசலில் நிற்கும் நாய்க்கு பிஸ்கட் நீட்டுகிறவர்கள் வால் ஆடுகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். அது போதாது. வால் ஆடினால் நாய் பரபரப்பில் இருக்கிறது, அவ்வளவுதான். சந்தோஷமா, முறைப்பா என்பதை வாலின் உயரமும் விறைப்பும்தான் காட்டும்.

முதலில், சும்மா நிற்கும்போது அந்த நாயின் வால் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். பொமரேனியனுக்கு முதுகின் மேல் சுருண்டிருக்கும். சிப்பிப்பாறைக்குத் தாழ்ந்து தொங்கும். அதைப் பயம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த இயல்பு நிலையிலிருந்து ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதே கணக்கு.

வால் நடு உயரத்தில் தளர்வாக, இடுப்பும் சேர்ந்து ஆடினால் அது நட்பு. செங்குத்தாக விறைத்து, நுனி மட்டும் படபடவென்று துடித்தால் கையை நீட்டாதீர்கள். கண்ணைப் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பி, மெதுவாகப் பின்வாங்குங்கள், ஓடினால் துரத்தும். கால்களுக்கு நடுவே வாலைச் செருகிய நாய் பாவமாகத் தெரியும், ஆனால் மூலையில் மடக்கினால் அதுவும் கடிக்கும். அது வெளியேற வழி விடுங்கள். குழந்தைகளுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது இதைத்தான்.

சொந்தக்காரரைக் கண்ட நாயின் வால் அதன் வலப்பக்கம் கூடுதலாகவும், மிரட்டும் அந்நிய நாயைக் கண்டால் இடப்பக்கம் கூடுதலாகவும் ஆடுவதாக இத்தாலிய ஆய்வாளர்கள் 2007-இல் கண்டறிந்தார்கள். வேறுபாடு நுட்பமானது, தெருவில் நின்று அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

கடித்துவிட்டால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ரேபிஸ் ஊசி போட வேண்டும். பூனை கடித்தாலும், நகம் கீறி ரத்தம் வந்தாலும் இதேதான்.

பூனைக்கு நாயின் கணக்கு செல்லாது. பூனை வாலை வீசி வீசி அடித்தால் எரிச்சல். மடியில் படுத்திருக்கும் பூனையைப் பாருங்கள்: முதலில் வால் நுனி மட்டும் சுண்டும், அடுத்து முதுகுத் தோல் சிலிர்த்து ஓடும், காதுகள் பக்கவாட்டில் திரும்பும், பிறகுதான் பல் பதியும். நுனி சுண்டும்போதே தடவலை நிறுத்திவிட்டால் பெரும்பாலும் கடி வராது.

வாலை நிமிர்த்தி, நுனியைக் கொக்கியாக வளைத்து வந்தால் அது வரவேற்பு. புஸ்ஸென்று மயிர் விரிந்திருந்தால் மிரட்சி, தூக்காதீர்கள். நிமிர்ந்த வால் நடுங்கினால், பூனை எதைப் பார்த்து நிற்கிறது என்று பாருங்கள். உங்களைப் பார்த்து என்றால் பிரியம். சுவருக்குப் பின்புறத்தைக் காட்டி நின்றால் மூத்திரம் பீய்ச்சப் போகிறது. கருத்தடை செய்தால் இது பெரும்பாலும் குறையும்.

வால் திடீரென்று துவண்டு தொங்கினால் அது மனநிலை அல்ல, காயமோ தசைப்பிடிப்போ. குளிர்ந்த தண்ணீரில் நெடுநேரம் நீந்திய நாய்க்கு வாலடித் தசை பிடித்துக்கொள்ளும்; பெரும்பாலும் சில நாள் ஓய்வில் சரியாகும். பூனைக்கு அப்படி விடக் கூடாது. யாராவது வாலைப் பிடித்து இழுத்தாலோ, வண்டிச் சக்கரம் ஏறினாலோ, மூத்திரப்பைக்குப் போகும் நரம்பு அறுந்திருக்கலாம். மூத்திரம் போகிறதா என்று பார்த்துக்கொண்டே அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.