நார்வேயில் வேலை: முதலில் செய்ய வேண்டிய பதிவுகளும் தமிழ் வாய்க்கு நார்வேஜியனும்

வேலை அனுமதியோடு நார்வேயில் இறங்கியவர் 7 நாளுக்குள் போலீஸிடம் நேரம் குறித்துவிட வேண்டும். வசிப்பு அட்டை அதன் பிறகுதான் வரும். ஓஸ்லோ, பெர்கன், ஸ்டாவங்கர் போன்ற நகரங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான சேவை மையங்கள் உண்டு. போலீஸ், வரித்துறை இரண்டு வேலையையும் அங்கேயே முடிக்கலாம்.

அடுத்தது வரி அட்டை. பாஸ்போர்ட்டையும் வேலை ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு வரித்துறைக்கு நேரில் போய் அடையாளத்தைக் காட்ட வேண்டும். இதைத் தள்ளிப்போட்டால் முதலாளி உங்கள் சம்பளத்தில் 50% பிடித்தே ஆக வேண்டும், சட்டம் அப்படி. கூடுதலாகப் பிடித்தது பின்னால் திரும்பி வரும் என்றாலும், முன்பணமும் வாடகையும் கட்ட வேண்டிய மாதத்தில் அது உதவாது.

6 மாதத்துக்கு மேல் தங்குவதானால் மக்கள் பதிவேட்டிலும் குடிவரவைப் பதிய வேண்டும். அப்போதுதான் 11 இலக்கப் பிறப்பு எண் கிடைக்கும். அதுவரை பலருக்குக் கிடைப்பது ‘தே’ எண் என்னும் தற்காலிக எண். அதில் பிறந்த தேதியின் முதல் இலக்கத்தோடு 4 கூட்டியிருப்பார்கள். நிரந்தர எண் வந்த அன்றே வங்கிக்கும் அலுவலகத்துக்கும் தெரிவியுங்கள். பழைய எண் ஓரிடத்தில் தங்கிவிட்டால் பாங்க்ஐடி (வங்கி வழியாகக் கிடைக்கும் மின்னணு அடையாளம்) எடுப்பதில் சிக்கல் வரும். பாங்க்ஐடி இல்லாமல் அங்கே அரசு அலுவலகக் காரியம் எதுவும் எளிதில் நகராது. தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்ட மறக்காதீர்கள். பெயர் இல்லாத பெட்டியில் தபால்காரர் போடமாட்டார், வங்கிக் கடிதம் திரும்பிப் போய்விடும்.

வீட்டு முன்பணத்தை ஒருபோதும் வீட்டுக்காரரின் சொந்தக் கணக்கில் போடாதீர்கள். உங்கள் பெயரிலேயே தனியாக முடக்கிய கணக்கில்தான் அது இருக்க வேண்டும்; உச்சவரம்பு 6 மாத வாடகை. இன்னொன்று, விடுமுறைச் சம்பளம் முந்தைய ஆண்டு வருமானத்திலிருந்து சேர்வது. ஆகவே முதல் ஆண்டில் விடுப்பு எடுக்க உரிமை உண்டு, அதற்குச் சம்பளம் கிடையாது. அந்தக் கோடையில் ஊருக்கு டிக்கெட் போடுகிறவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

இனி மொழி. வேலைக்காக வருகிறவர்கள் பெரும்பாலும் வகுப்புக்குச் சொந்தப் பணம்தான் கட்ட வேண்டியிருக்கும். அதனால் கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். த்ரோன்ஹெய்மில் உள்ள என்டிஎன்யு பல்கலைக்கழகத்தின் இணையப் பாடம் இலவசம். நார்வேயின் லெக்சின் அகராதியில் தமிழும் உண்டு. தினம் 45 நிமிடம் போதும், ஆனால் அதில் 15 நிமிடம் ஒலிப்பதிவோடு சேர்ந்து வாய்விட்டுப் பேசுங்கள். படிப்பது மட்டும் செய்கிறவர்களுக்கு ஆறு மாதம் கழித்தும் காது திறப்பதில்லை.

குறில், நெடில் நமக்குப் பிறவிச் சொத்து. நார்வேஜியனின் உயிர் அதில்தான் இருக்கிறது. ‘தாக்’ என்றால் கூரை, ‘தக்’ என்றால் நன்றி. ஆங்கிலப் பழக்கத்தில் எல்லா இடத்திலும் ‘ட’ போடாதீர்கள். அவர்களுடைய தனித் ‘த்’ நம் தகரத்துக்குத்தான் பக்கம். ரகரத்தோடு சேர்ந்து எழுதினால்தான் அது நம் ‘ட்’ ஆகும். ஆக ‘கத்’ பூனை, ‘கட்’ வரைபடம். குழந்தையைக் குறிக்கும் சொல்லை ஓஸ்லோவில் ‘பாண்’ என்பார்கள், நம் ணகரமேதான். பெர்கனில் தொண்டை ரகரம் என்பதால் இந்த வசதி இல்லை.

நாம் சறுக்குவது பகரத்தில். நம் ‘ப’வில் காற்று வராது, அவர்கள் காதில் அது ‘b’ ஒலியாக விழும். அம்பைக் குறிக்கும் ‘pil’ என்ற சொல்லை நாம் சொன்னால், காரைக் குறிக்கும் ‘bil’ என்று கேட்கும். உதட்டின் முன் ஒரு காகிதத் துண்டைப் பிடியுங்கள். அது படபடத்தால்தான் சரியான அவர்களின் ‘ப’. புது உயிரொலிகளுக்கு வழி: உதட்டை ‘ஊ’ வடிவில் வைத்து ‘ஈ’ சொல்லுங்கள், உதட்டை ‘ஓ’ வடிவில் வைத்து ‘ஏ’ சொல்லுங்கள்.

இலக்கணத்தில் வினைச்சொல் ஆளுக்கேற்ப மாறாது, அது பெரிய நிம்மதி. ஆனால் கேள்வி அல்லாத சாதாரண வாக்கியத்தில் வினைதான் இரண்டாம் இடம். ‘இப்போது’ என்று தொடங்கினால் அடுத்து வினை, அதன் பின்தான் நான்: ‘நோ கொம்மெர் யெய்’. வினையைக் கடைசிக்குத் தள்ளிப் பழகிய நமக்கு இது தானாக வராது. தினம் பத்து வாக்கியம் எழுதிப் பழகுங்கள்.

அலுவலகத்தில் உங்கள் உச்சரிப்பைக் கேட்டதும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். அது அவர்கள் அன்பு. அதை ஏற்றுக்கொண்டால் மொழி வராது. ‘கன் வி தா தெ போ நொஷ்க்?’ (இதை நார்வேஜியனில் பேசலாமா?) என்று கேளுங்கள், மகிழ்ச்சியோடு மாறுவார்கள். மதிய உணவு மேசைதான் சிறந்த வகுப்பு. மேலாளரையும் பெயர் சொல்லி ‘தூ’ (நீ) என்றே பேசுங்கள். நம் நாக்கு தயங்கும், ஆனால் அங்கே அது மரியாதைக் குறைவு அல்ல. நூலகங்களில் நடக்கும் மொழிக் கஃபேயும் (கூடிப் பேசிப் பழகும் சந்திப்பு) இலவசம். எளிய மொழியில் வரும் ‘க்லார் தாலெ’ செய்தித்தாளை வாரம் ஒருமுறை சத்தமாகப் படியுங்கள்.

ஓஸ்லோவின் ‘யெய்’ (நான்) பெர்கனில் ‘ஏக்’ ஆகும். கேட்டுக் குழம்பாதீர்கள், பேசும்போது ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். எண்களிலும் இப்படித்தான். 1951-இல் ஐம்பத்திரண்டு என்று சொல்லும் முறை அதிகாரபூர்வமானது. முதியவர்கள் இன்னும் ‘இரண்டும் ஐம்பதும்’ என்பார்கள். தொலைபேசி எண் குறிக்கும்போது திரும்பச் சொல்லிச் சரிபாருங்கள்.

குடியுரிமை வரை யோசிப்பவர்கள் பேச்சில் பி1 நிலையை (ஐரோப்பிய மொழி அளவுகோலில் நடுத்தர நிலை) எட்ட வேண்டும். அரசுத் தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதி. பேச்சுப் பகுதிக்கு இருவராகச் சேர்ந்து பழகுங்கள்.