பழைய காரின் வேக்குவம் ஹோஸ்: ஊட்டி ஷெட்டுகளில் நடக்கும் தவறுகள்

பாதி வேலையோடு பல வருடம் நின்ற அம்பாசடரில் வேக்குவம் ஹோஸ் (எஞ்சினின் உறிஞ்சும் இழுவையைக் கொண்டுபோகும் ரப்பர் குழாய்) எங்கே மாட்டியிருக்கிறதோ, அதுதான் சரியான இடம் என்று நம்புவது முதல் தவறு. முன்பு கை வைத்தவர் அவசரத்துக்குக் கிடைத்த முனையில் செருகியிருப்பார். கார்புரேட்டரே வேறு வண்டியுடையது என்றால் மேனுவலில் உள்ள படமும் உதவாது. ஹோஸை மறந்துவிட்டு, ஒவ்வொரு முனையும் என்ன வகை என்று பாருங்கள்.

த்ராட்டில் தகட்டுக்கு (ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும் தகடு) கீழே, மேனிஃபோல்டு (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்) பக்கம் திறக்கும் முனை ஸ்லோவிலேயே, அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போதே, விரலை இழுக்கும். தகட்டின் விளிம்புக்குச் சற்று மேலே திறப்பது ஸ்லோவில் சும்மா இருக்கும். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்தால்தான் இழுக்கும். மலையில் ஏமாறுவது இந்த இடத்தில்தான். காலைக் குளிரில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்து, அப்படியே விரலை வைக்கிறார்கள். சோக் இழுத்திருக்கும்போது தகடும் லேசாகத் திறந்திருக்கும். அதனால் இரண்டு முனையுமே இழுக்கும், வித்தியாசம் தெரியாது. எஞ்சின் நன்றாகச் சூடாகி, சோக் முழுக்க உள்ளே போய், ஸ்லோ இறங்கிய பிறகு பாருங்கள்.

பெரும்பாலான பழைய வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டருக்கு (ப்ளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் பாகம்) இரண்டாவது வகை முனைதான். மாற்றி மாட்டினால் ஸ்லோவிலேயே டைமிங் (பொறி விழும் நேரம்) முன்னே போய் எஞ்சின் வேகம் எடுக்கும். அதை அடக்க ஸ்லோ ஸ்க்ரூவைத் திருப்பி, டிஸ்ட்ரிபியூட்டரையும் பின்னுக்குத் திருப்பிவிடுவார்கள். பர்லியாறு ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது வேக்குவம் ஏறக்குறைய இருக்காது. பின்தங்கிய டைமிங் மட்டும் மிஞ்சும், வண்டி இழுக்காது. டைமிங்கைச் சரிபார்க்க டைமிங் லைட் பிடிக்கும் முன் இந்த ஹோஸைக் கழற்றி, கார்புரேட்டர் முனையை அடைத்துவிட வேண்டும்.

அடுத்தது வேக்குவத்தை அளக்கும் கேஜ். கடல்மட்டத்தில் நல்ல எஞ்சின் ஸ்லோவில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவில்) காட்டும். உயரம் ஆயிரம் அடி கூடினால் சுமார் ஓர் அங்குலம் குறையும். ஊட்டி 7,300 அடிக்கு மேல். இங்கே 10 முதல் 14 வரை இருந்தால் போதும். இது தெரியாமல் இல்லாத லீக்கைத் தேடி நல்ல கேஸ்கெட்டைப் பிரிப்பவர்கள் உண்டு. உண்மையிலேயே சந்தேகம் என்றால் ஹோஸ்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் நசுக்குங்கள். எதை நசுக்கும்போது ஸ்லோ சீராகிறதோ, அந்த வழியில்தான் காற்று புகுகிறது. சூடான சைலன்ஸர் பக்கம் பெட்ரோல் தெளித்துத் தேடவே கூடாது.

மீன்தொட்டி டியூப், குளுக்கோஸ் டியூப் எதுவும் வேண்டாம். சூட்டில் இளகி, உறிஞ்சும்போது சப்பிக்கொள்ளும். வால்வ் கவரிலிருந்து வரும் புகை ஹோஸை போல்ட் வைத்து அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, சீல் வழியே ஆயில் கசியும்.

பிரேக் பூஸ்டர் (வேக்குவத்தால் பிரேக் மிதிக்க உதவும் பாகம்) உள்ள வண்டியில் அதன் ஹோஸ் தனியாக மேனிஃபோல்டுக்குப் போக வேண்டும். T வடிவ இணைப்பு போட்டு வேறெதையும் சேர்க்காதீர்கள். ஒருவழி வால்வைக் கழற்றி இரு பக்கமும் ஊதுங்கள்: பூஸ்டர் பக்கமிருந்து ஊதினால் காற்று போக வேண்டும், எஞ்சின் பக்கமிருந்து போகக்கூடாது. மாட்டியபின் எஞ்சினை நிறுத்தி, பிரேக் பெடலை ஐந்தாறு முறை மிதித்து, அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காத வண்டியைக் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கொண்டு போகாதீர்கள்.