சைலன்சர் புகையும் நாம் பண்ணும் வீண் செலவும்

வண்டி புகை தள்ளுகிறது என்றால் எல்லோரும் முதலில் கேட்பது "என்ன கலர்?" என்றுதான். கருப்பு என்றால் பெட்ரோல் கூடுதல், நீலம் என்றால் ஆயில் எரிகிறது, வெள்ளை என்றால் தண்ணீர். பாடம் சரிதான், ஆனால் அந்தப் புகை எந்த நேரத்தில் வருகிறது என்று பார்க்காமல் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தால் பில்தான் நீளும்.

எனக்கு அப்படித்தான் ஆனது. வீடு குளச்சலில், கடலுக்குக் கூப்பிடு தூரம். பழைய பெட்ரோல் கார் கரும்புகை தள்ள ஆரம்பித்து, 16 கொடுத்துக்கொண்டிருந்த மைலேஜ் 11க்கு இறங்கிவிட்டது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் பிளக் மாற்றினார்கள், இன்ஜெக்டர் கிளீன் பண்ணினார்கள், கடைசியில், வெளியேறும் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சரையும் மாற்றினார்கள், புகை மட்டும் போகவில்லை. அப்புறம் தக்கலையில் ஒரு மெக்கானிக் அண்ணன், "காலையில மட்டும் வருதா, சூடான பெறவும் வருதாடே?" என்று கேட்டார். சூடான பிறகும் வருகிறது என்றேன். பானெட்டைத் தூக்கி, கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) டெம்பரேச்சர் சென்சரின் கனெக்டரைப் பிடுங்கிக் காட்டினார். உள்ளே பச்சைப் பசேலென்று களிம்பு. உப்புக்காற்றின் வேலை.

சூடு ஏற ஏற மின்தடை குறையும் சென்சர் அது. களிம்பு அந்தத் தடையைக் கூட்டிவிட்டதால், இன்ஜின் இன்னும் குளிர்ந்தே கிடக்கிறது என்று இசியு (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் கம்ப்யூட்டர்) நம்பிக் கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆக்சிஜன் சென்சர் சொல்வதைக் கேட்கும் கட்டத்துக்கே அது போகவில்லை, நான் புதிதாக வாங்கிப் போட்டு என்ன பிரயோஜனம்? பழைய டூத் பிரஷ்ஷும் கொஞ்சம் கிளீனர் ஸ்பிரேயும் போதுமானதாக இருந்தது.

இதே கோளாறை நாமே காசு கொடுத்து வரவழைப்பதும் உண்டு. "நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு தெர்மோஸ்டாட்?" என்று கழற்றி எறிந்துவிடுகிறார்கள். இன்ஜின் சூடாகும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வ் அது. அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர ரொம்ப நேரமாகும், அதுவரை கலவை ரிச்சாகவே, அதாவது பெட்ரோல் கூடுதலாகவே ஓடும். தெர்மோஸ்டாட் பழுது என்றால் புதிது போடுங்கள், வெறும் கூட்டை மாட்டி அனுப்பினால் வாங்காதீர்கள்.

கணக்கு இதுதான்: 1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று குறைந்தால் ரிச், கூடினால் லீன். அதனால் கரும்புகை என்றதும் இன்ஜெக்டரில் கை வைக்காமல் முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். லீன் கலவை புகையே காட்டாது, அதுதான் அதில் ஆபத்து. கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் கருவி) உள்ள பழைய மாருதி 800-ல் மைலேஜுக்காகக் கலவை ஸ்க்ரூவை இறுக்கிப் பெட்ரோலைக் குறைக்கச் சொல்லி, வண்டி குலுக்குகிறது, சூடாகிறது என்று அலைபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் அந்த வண்டிகளில் கலவையை இன்னும் லீனாக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டி ஓரளவு தானே சரிக்கட்டிக்கொள்ளும், கார்புரேட்டருக்கு அது தெரியாது.

மார்கழி காலையில் குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ஸ்டார்ட் பண்ணினால் வரும் வெள்ளைப் புகைக்குப் பயப்பட வேண்டாம். 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தாலே கிட்டத்தட்ட 1 லிட்டர் தண்ணீர் உண்டாகும், குளிரில் அந்த ஆவி கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். நல்ல சூட்டிலும் அடர்த்தியாக வந்து, இனிப்பு வாடை அடித்து, கூலன்டும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடிக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு) சந்தேகப்படலாம். ஆயில் மூடிக்கு அடியில் பால் டீ நிறத்தில் பிசுக்கு தெரிந்தால் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்கவே கூடாது, கையும் முகமும் வெந்துவிடும்.

நீலப்புகையில் நேரத்தைக் கவனிப்பது ரொம்ப முக்கியம். காலையில் ஒரு கொத்து வந்து நின்றுவிட்டாலோ, பாலமோர் மலை இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கிவிட்டு மறுபடி மிதிக்கும்போது குபுக்கென்று வந்தாலோ, பெரும்பாலும் வால்வ் வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வ் சீல்தான். இழுக்கும்போதெல்லாம் விடாமல் வந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் பக்கம் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், அதனால் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக நிற்கிறதா என்று) பார்க்காமல் இன்ஜினை இறக்கச் சம்மதிக்காதீர்கள். கெட்டி ஆயில் ஊற்றிப் புகையை அமுக்குவது வண்டியை விற்கப் போகிறவர் வேலை. டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றியிருந்தாலும் நீலப்புகை வரலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டீசல் கதை வேறு. அதில் எப்போதும் தேவைக்கு மேல் காற்று போகும், அப்படியும் கரும்புகை வந்தால் எங்கோ காற்று தடைபடுகிறது அல்லது கசிகிறது, இல்லையென்றால் இன்ஜெக்டர் சரியாகப் பீச்சவில்லை. பிக்கப் செத்து, ஏற்றத்தில் விசில் மாதிரி சத்தமும் கேட்டால் முதலில் டர்போ ஹோஸில் (இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் குழாய்) விரிசல் இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள், இன்ஜின் ஆறிய பிறகு.