பிலிப்பைன்ஸின் தகாலோக் மொழி பேசும்போது நாட்டவர் பெயரில் தடுமாறாமல் இருக்க

பெரும்பாலும் கடைசி எழுத்தைக் கவனித்தால் போதும். ஆணென்றால் ‘ஓ’, பெண்ணென்றால் ‘ஆ’: கொரியானோ, கொரியானா. பிலிப்பைன்ஸை 300 ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட ஸ்பானியர் விட்டுப்போன பழக்கம் இது. ஆங்கிலத்தில் இந்தத் தொல்லை இல்லை, இருபாலுக்கும் கொரியன்தான்.

‘ஹப்போன்’ மட்டும் கொஞ்சம் வம்பு பிடித்த சொல். கடைசி அசையை அழுத்தினால் ஜப்பானியர். முதல் அசையை அழுத்தினால் பிற்பகல்! நாலு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

சீனரை ‘இன்சிக்’ என்று சொன்னால் சிலருக்கு உறுத்தும். ‘சினோ’ என்பதே நல்லது. அப்புறம், இந்தியர்களை ‘பும்பாய்’ என்பார்கள். பம்பாயிலிருந்து வந்த பெயர்தான், ஆனால் கிண்டலாகவும் ஒலிக்கும். மரியாதையாகச் சொல்ல ‘இந்தியானோ’ இருக்கிறது. சந்தையில் ‘சிபுயாஸ் பம்பாய்’ என்று காதில் விழுந்தால் திரும்பிப் பார்க்க வேண்டாம், அது பெரிய வெங்காயம்.