கனெக்‌ஷன்ஸ் புதிரில் ஐந்தாவது சொல்லைத் தேடுங்கள்

நியூயார்க் டைம்ஸ் நாள்தோறும் வெளியிடும் 'கனெக்‌ஷன்ஸ்' புதிரில், ஒத்த 4 சொற்கள் கண்ணில் பட்டதும் சமர்ப்பித்துவிடாமல், அதே குழுவில் பொருந்தக்கூடிய ஐந்தாவது சொல் கட்டத்தில் உள்ளதா என்று முதலில் தேடுங்கள். 16 சொற்களை நான்கு நான்காகப் பிரிக்க வேண்டிய இப்புதிரில் நான்காவது தவற்றோடு ஆட்டம் முடிந்துவிடும்; அமைப்பவர்களோ ஒரே சொல் இரண்டு குழுக்களுக்குப் பொருந்துவதுபோல வேண்டுமென்றே வைக்கிறார்கள். எடுத்துக்காட்டாக, மார்ஸ், வீனஸ், சாட்டர்ன், ஜூபிட்டர், மெர்க்குரி என ஐந்து கோள்கள் தென்பட்டால், டின் (வெள்ளீயம்), லெட் (ஈயம்), அயர்ன் (இரும்பு) ஆகியவையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் மெர்க்குரி பாதரசமாக உலோகங்களோடு சேர வேண்டியது என்பது தெளிவாகி, கோள்கள் நான்கும் தாமாகவே உறுதிப்படும். ஒரு சொல் மட்டும் பொருந்தவில்லை என்ற அறிவிப்பு வந்த பிறகு ஊகத்தில் மாற்றிப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நான்கு குழுக்களில் மிகக் கடினமானதாக வைக்கப்படும் ஊதா நிறக் குழுவுக்கு இந்த வழி பெரும்பாலும் உதவாது. அங்கே பொருளைவிட, முன்னோ பின்னோ ஒரு பொதுச் சொல்லைச் சேர்த்தால் கிடைக்கும் தொடரோ, ஒலி ஒற்றுமையோ, சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் வேறொரு சொல்லோதான் இணைப்பாக அமையும் என்பதால், மற்ற மூன்று குழுக்களையும் முடித்து, எஞ்சிய நான்கை அதற்கு விட்டுவிடுவதே நல்லது.